கடைமடை ஊரில் ஒரு வர்த்தகர் சங்கம்: ஏழாண்டு உறுப்பினரின் மதிப்புரை

எங்கள் ஊர் வர்த்தகர் சங்கத்தில் நான் 2019 ஜனவரியில் சேர்ந்தேன். அப்போது நுழைவுக் கட்டணம் 500 ரூபாய், ஆண்டுச் சந்தா 600 ரூபாய். சந்தா இப்போது 1,200 ரூபாய் ஆகியிருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், காரைக்கால் எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அப்பா நாற்பது ஆண்டுகள் நடத்திய மளிகைக்கடையை அவருக்குப் பின் நான் நடத்திவருகிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, அவற்றோடு காலையில் வந்திறங்கும் வெற்றிலைக் கட்டு என்று நடக்கும் நடுத்தரக் கடை. வேலைக்கு இருவர் இருக்கிறார்கள். இந்த அளவுள்ள கடைக்குச் சங்கத்தில் சேர்வதால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று, அண்மையில் கடை தொடங்கிய இருவர் என்னிடம் கேட்டார்கள். அவர்களிடம் நேரில் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். சங்கத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் குறிப்பிடவில்லை. குறைகளையும் எழுதப்போவதால் அதுவே முறை என்று தோன்றியது.

அப்பா கடைசிவரை சங்கத்தில் சேரவில்லை. சங்கம் என்றால் அவருக்கு ஒன்று கடையடைப்பு, இன்னொன்று நன்கொடை ரசீது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்தப் பக்கம் சாய்ந்த தென்னந்தோப்புகளையும் பெயர்ந்த கூரைகளையும் நினைத்தால், எங்கள் ஊரில் நடந்ததைச் சேதம் என்று சொல்லவே கூசும். ஆனாலும் கடையின் பின்கட்டில் ஓடுகள் பறந்து, அடுக்கிவைத்திருந்த சர்க்கரை மூட்டைகளும் மைதா மூட்டைகளும் நனைந்து கட்டிதட்டிப் போயின. நான் காப்பீடு எதுவும் எடுத்திருக்கவில்லை. அடுத்த தெருவில் ஏறத்தாழ என் அளவுக்கே நஷ்டப்பட்ட ஜவுளிக்கடைக்காரருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்த ஆண்டு ஆடி மாதத்தில் சங்கம் காப்பீட்டு அலுவலர் ஒருவரை அழைத்து நடத்திய கூட்டத்துக்குப் போய், அங்கேயே அவர் எடுத்த பாலிசி அது. கூட்டம் நடந்த மண்டபம் என் கடையிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். அப்படியிருந்தும் அந்தச் செய்தி என் காதுக்கு எட்டவில்லை. அந்த வருத்தம்தான் என்னை உறுப்பினராக்கியது.

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று கேட்ட அன்றே எங்கள் ஊரில் யாரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவதில்லை. அது கல்லணைக்கு வந்து, பிரிந்து, ஆறும் கிளையாறும் வாய்க்காலும் கடந்து கடைமடையை எட்டப் பல நாட்கள் ஆகும். இடையில் வாய்க்கால் தூர்வாராமல் கிடந்தால் எட்டாமலும் போகும். டெல்லியிலும் சென்னையிலும் அறிவிக்கப்படும் வணிக விதிகளும் எங்கள் கடைத்தெருவுக்கு அப்படித்தான் வந்துசேர்கின்றன. விதி வருவதற்கு முன்பே அபராதம் வந்துவிடுவதும் உண்டு. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை இரவு சங்க அலுவலக மாடியில் நடக்கும் கூட்டத்தை, தூர்வாரிய வாய்க்கால் என்றே நான் கருதுகிறேன். சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த பயன்களில் பெரும்பகுதி அந்த மாடியில் கிடைத்தவை.

முதலாவது, வரி. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் வந்தபோது நான் காம்போசிஷன் திட்டத்தில் பதிந்துகொண்டேன். இப்போதைய வரம்புப்படி, ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாயைத் தாண்டாத வணிகர் இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வரி கணக்கிட வேண்டியதில்லை. 1 சதவீதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கையிலிருந்து கட்டிவிட்டு, ஆண்டுக்கு ஒரு கணக்கு அளித்தால் போதும். அந்த 1 சதவீதத்தை எதன்மீது கணக்கிடுவது என்பதில்தான் நான் ஏமாந்தேன். தொடக்கத்தில் அது மொத்த விற்பனைமீது இருந்தது. 2018 ஜனவரி 1 முதல் வணிகர்களுக்கு மட்டும் விதி மாறி, வரிக்குரிய பொருள்களின் விற்பனைமீது கட்டினால் போதும் என்று ஆனது. எனக்குக் கணக்கு எழுதிக்கொடுத்தவர் இதைக் கவனிக்கவில்லை. எனக்கோ தெரியவே தெரியாது. நான் கலந்துகொண்ட இரண்டாவது கூட்டத்தில், பேச்சோடு பேச்சாக நான் கட்டும் தொகையைச் சொன்னேன். ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, “ஏம்மா, சில்லறையில நிறுத்துக் குடுக்கிற அரிசிக்கும் பருப்புக்கும் சேர்த்தா வரி கட்டிக்கிட்டிருக்கே?” என்று கேட்டார். என் விற்பனையில் ஏறத்தாழ பாதி வரியில்லாத பொருள். ஓராண்டாக, கட்ட வேண்டியதைப்போல் இருமடங்கு கட்டியிருக்கிறேன். அந்த ஒரு கேள்வி, இதுவரை நான் செலுத்திய சந்தா முழுவதையும்விட அதிகமாக எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது, காரைக்கால். எங்களுக்கு அது அடுத்த ஊர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கேதான், மழைக்காலத்தில் அவசர வைத்தியத்துக்கு ஓடுவதும் அங்கேதான். வரிச் சட்டத்தில் அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் மாநில எல்லையைத் தாண்டிச் சரக்கு விற்கக் கூடாது. காரைக்கால்காரர் என் கடைக்கு வந்து வாங்கித் தன் வண்டியில் எடுத்துச்சென்றால் அது உள்ளூர் விற்பனை. அதே சரக்கை நான் வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினால் அது மாநிலங்களுக்கிடையேயான விற்பனை. இந்த வேறுபாடு தெரியாமல், அங்கே நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்கு மளிகைச் சாமான் முழுவதையும் மண்டபத்தில் கொண்டுவந்து இறக்குவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். சங்கச் செயலாளர் அதைத் தெரிந்துகொண்டு என்னைத் தடுத்தார்; திருமண வீட்டார் தங்கள் வண்டியோடு வந்து எடுத்துச்சென்றார்கள். முழு ஜிஎஸ்டியில் இருக்கும் எங்கள் இரும்புக்கடைக்காரர்களுக்கு இதே எல்லை வேறு விதத்தில் முக்கியம்: தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் இ-வே பில் (சரக்கு வண்டியில் போகும்போது உடன் இருக்க வேண்டிய மின்னணுச் சீட்டு) தேவை, காரைக்காலுக்கு அனுப்பினால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே தேவை. பெருநகரத்தில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் காரைக்காலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். உள்ளூர்ச் சங்கத்துக்கு உள்ளூர் எல்லை தெரியும். அதற்காகவே நான் அதை மதிக்கிறேன்.

மூன்றாவதாக அரிசி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவுக்கு மேற்படாமல் முன்கூட்டியே சிப்பமிட்டு முத்திரைச்சீட்டு ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீத வரி வந்தது. ஆலைகள் உடனே 26 கிலோ சிப்பத்துக்கு மாறியதை நெல் விளையும் இந்தப் பகுதியில் பிள்ளைகளும் அறிவார்கள். கடைக்காரர்களுக்கு வந்த சந்தேகம் வேறு: வரி கட்டி வந்த 10 கிலோ பையைப் பிரித்துக் கிலோ கிலோவாக நிறுத்துக் கொடுத்தால் அதற்கு வரி உண்டா? இல்லை என்று மத்திய அரசு அப்போதே விளக்கம் வெளியிட்டிருந்தது. சங்கம் அந்த விளக்கத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு அச்சடித்துக் கடைகடையாகக் கொடுத்தது. உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் கொடுத்தார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

இவை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தாண்டி, ஒன்றாக நின்றால்தான் நடக்கும் என்று நான் உணர்ந்தது 2025 செப்டம்பரில். அந்த மாதம் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் விகிதங்களை மாற்றியது. 22-ஆம் தேதி முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. வாங்குவோருக்கு நல்ல செய்தி. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அடுக்கில் இருக்கும் பழைய சரக்கின் கதி என்ன? வரிக்கு முன் 100 ரூபாய் மதிப்புள்ள பொருளை 118 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். 22-ஆம் தேதி காலையில் அதே பொருள் 105 ரூபாய்க்கு வந்து இறங்கும். முழு ஜிஎஸ்டியில் இருக்கும் கடைக்காரர் தான் கட்டிய 18 ரூபாயை, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். காம்போசிஷனில் இருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. நூறு ரூபாய்ச் சரக்குக்கு 13 ரூபாய் கையைவிட்டுப் போகும். வாடிக்கையாளர்களோ தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பழைய விலை அச்சடித்த உறையைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்.

நான் தனியாக ஒரு சோப்பு ஏஜென்சிக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். கம்பெனியிலிருந்து உத்தரவு வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். சங்கம் அந்த மாதம் இரண்டு முறை கூடியது. முதல் கூட்டத்தில் ஒவ்வொரு கடையும் எந்தக் கம்பெனிச் சரக்கு எவ்வளவு கையில் இருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுத்தது. இரண்டாவது கூட்டத்துக்கு எங்கள் கடைத்தெருவுக்குச் சரக்குப் போடும் ஏழு ஏஜென்சிக்காரர்களும் அழைக்கப்பட்டார்கள்; ஆறு பேர் வந்தார்கள். இரண்டு மணி நேரம் பேச்சு நடந்தது. நான்கு பேர் விலை வேறுபாட்டை அடுத்தடுத்த பில்களில் கழித்துத் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள், சொன்னபடி தரவும் செய்தார்கள். ஒருவர் பாதி தந்தார். மற்றவர்கள் தரவில்லை. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொலைபேசியை வைத்துவிட்ட அதே மனிதர், எண்பது கடைக்காரர்கள் கையெழுத்திட்ட பட்டியலை ஒரு வரி விடாமல் படித்ததை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சிறிய வசதிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்தாக வேண்டும். முன்பு அதை வண்டியில் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது சங்க வாசலிலேயே முகாம் நடக்கிறது, அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. 2019 ஜனவரி 1-இல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, துணிப்பையும் காகித உறையும் மொத்தமாகத் தருவித்துக் கொடுத்தார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம் என்று தெரியாமல் இடைத்தரகர்களிடம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். சங்க அலுவலகத்தில் இருக்கும் பையன் கட்டணமின்றிப் பதிந்து தருகிறான். கடை வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் தாளின்மேல் இரவோடு இரவாக வேறொரு தாளை ஒட்டிவிட்டுப் போகும் மோசடியைப் பற்றிப் பக்கத்து ஊரிலிருந்து வந்த எச்சரிக்கை, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை ஏழு மணிக்கே வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் நான் ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

இந்த வரிசையில் ஒன்றை மட்டும் தனியாக எழுத விரும்புகிறேன். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது: கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கிடையில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார விட வேண்டும். கூட்டத்தில் இதைப் படித்தபோது சிலர் அதை வெறும் ஆய்வுக்கான சடங்காகவே பார்த்தார்கள். நான் வீடு திரும்பும் வழியில் யோசித்தேன். எங்கள் கடையில் பொட்டலம் கட்டும் அக்கா அப்பா காலத்திலிருந்து, காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை நின்றுகொண்டே வேலை பார்த்தவர். நான் சிறுமியாக அந்தக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் படித்த நாட்களிலும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். அது என் கண்ணில் படவே இல்லை. மறுநாள் இரண்டு உயர முக்காலிகள் வாங்கினேன். சங்கம் எனக்குச் செய்த நன்மைகளில் இதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

காப்பீட்டைப் பற்றி முதலில் சொன்னேன். அதன் தொடர்ச்சியும் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல், மொத்த மதிப்பு 5 கோடி ரூபாயைத் தாண்டாத கடைகளுக்கும் சிறுதொழில்களுக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கிறது. தீயோடு புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சங்கம் ஆண்டுதோறும் ஆடியில் அந்தக் கூட்டத்தை இன்றும் நடத்துகிறது. பிரீமியத்தைக் குறைக்க வேண்டிச் சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதினால் இழப்பீடும் அதற்கேற்பக் குறையும் என்பதை அங்கே ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்கிறார்கள். அப்படியும் சிலர் குறைத்தே எழுதுகிறார்கள்.

ஊர்ப் பொதுக்காரியத்தில் சங்கத்தின் குரல் எடுபடுகிறதா என்றால், சில நேரம் எடுபடுகிறது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகும்வரை மாவட்ட ஆட்சியரைப் பார்க்க நாகப்பட்டினம் போக வேண்டும். காரைக்கால் வழியாக, அதாவது இன்னொரு ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்து வெளியேறிப் போக வேண்டியிருந்தது. இப்போது திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் காலையில் போய் மதியத்துக்குள் கடைக்குத் திரும்பிவிடலாம். கடைத்தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு மழைநீர் படியேறும் பிரச்சினைக்காக நான் தனியாக இரண்டு மனுக்கள் கொடுத்தேன்; இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு மட்டும் கிடைத்தது. சங்கத்தின் கடிதத்தாளில், எந்தெந்தக் கடை வாசலில் எவ்வளவு நீர் நிற்கிறது என்ற வரைபடத்தோடு கொடுத்த மனுவுக்கு ஒரு மாதத்தில் பொறியாளர் வந்து பார்த்தார். பாதித் தெருவுக்கு வடிகால் கட்டினார்கள். மீதிப் பாதிக்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வணிகர் கூடிப் பேசும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர், சபை, நாடு என்பவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘நகரம்’ என்பது வணிகர்களின் அவைதான். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு, 1088-ஆம் ஆண்டினது, சுமத்ரா தீவின் பாருஸ் பகுதியில் கிடைத்திருக்கிறது. இன்றைய முறையிலான வர்த்தக சபை சென்னையில் 1836-இலும் மதுரையில் 1924-இலும் தோன்றின. பெருநகரச் சபைகளுக்கும் எங்களுடையது போன்ற கடைத்தெருச் சங்கத்துக்கும் வேலை வேறு என்பதைச் சேர்வதற்கு முன் புரிந்துகொள்வது நல்லது. சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புபவருக்கு அது எந்த நாட்டில் உருவானது என்று சான்றளிக்கும் தோற்றச் சான்றிதழ் தேவைப்படும். அதை வழங்க அரசின் அங்கீகாரம் பெற்ற பெரிய சபைகளால் முடியும், எங்களால் முடியாது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்த்து ஏற்றுமதி செய்யும் என் ஒன்றுவிட்ட அண்ணன் அதற்காகவே உள்ளூர்ச் சங்கத்தோடு பெரிய சபை ஒன்றிலும் உறுப்பினராக இருக்கிறார். அவருக்கு அந்த இரட்டைச் சந்தா தகும், எனக்குத் தேவையில்லை.

ஓர் ஊரின் பெயரால் அறியப்படும் பொருளுக்கு அந்தப் பெயரைச் சட்டப்படி காக்கும் புவிசார் குறியீட்டிலும் கூட்டுக்குத்தான் இடம். 1999-ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கு விண்ணப்பிக்கும் உரிமை உற்பத்தியாளர்களின் சங்கத்துக்கும் அவர்களுக்காக இயங்கும் அமைப்புக்கும் உண்டு. தனி ஒருவர் தன் பெயருக்கு வாங்கிக்கொள்ள முடியாது. நாச்சியார்கோயில் விளக்கும், சுவாமிமலை வெண்கலச் சிலையும், நரசிங்கம்பேட்டை நாகஸ்வரமும் அப்படிப் பெற்றவை. 2025-இல் கும்பகோணம் வெற்றிலையும் பெற்றது. தினமும் கவுளி கவுளியாக எண்ணி விற்கும் இலைக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்த செய்தியைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இனி குறைகள். கூட்டம் இரவு ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. கடையடைத்துவிட்டு வரும் ஆண்களுக்கு அது வசதி. வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வர வேண்டிய பெண்களுக்கு அது பெரும் சிரமம். உறுப்பினர்களில் பெண்கள் பதினோரு பேர் இருக்கிறோம். மாடியில் நான்கு பேருக்கு மேல் ஒரு நாளும் கூடியதில்லை. நிர்வாகக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. நேரத்தை மாலை மூன்று மணிக்கு மாற்றச் சொல்லி மூன்று ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். கடையில் கூட்டம் குறைந்திருக்கும் நேரம் அது. எந்தக் கடைக்கும் நஷ்டமில்லை.

கடையடைப்பு முடிவுகளைப் பெரிய கடைக்காரர்கள் சிலர் கூடி எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு அறிவிப்பது இரண்டாவது குறை. மே 5 வணிகர் தின விடுமுறை முன்கூட்டியே தெரிந்த ஒன்று. அதற்கேற்பச் சரக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல்நாள் இரவு பத்து மணிக்கு அறிவிக்கப்படும் கடையடைப்பில் இரும்புக்கடைக்காரருக்கு ஒரு நாள் விற்பனைதான் போகும். எனக்கும் பூக்கடைக்காரருக்கும் சரக்கே போய்விடும். அப்படி ஒரு நாளில் வாடிய வெற்றிலையைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னபோது மறுத்தவர் யாருமில்லை, ஆனால் விதி எதுவும் மாறவில்லை.

மூன்றாவது குறை கணக்கு. நான் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகள் வரவுசெலவை வாயால் வாசித்துவிட்டு முடித்துவிடுவார்கள். சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டித் தணிக்கை செய்த கணக்கை முன்வைப்பது அதன் கடமை. அச்சிட்ட படி வேண்டும் என்று நானும் மருந்துக்கடைக்காரரும் எழுத்தில் கேட்டோம். முதலாண்டு முகம் சுளித்தார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து அச்சிட்டே தருகிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் போகும் நன்கொடைக்கு இப்போது தனித் தலைப்பு இருக்கிறது, கொடுக்க விருப்பமில்லாதவர் கொடுக்காமல் இருக்கவும் முடிகிறது. கேட்டால் திருந்தும் சங்கம் என்பதால் இந்தக் குறையை ஓரளவு தீர்ந்ததாகவே கொள்கிறேன். சந்தாவோடு கொடுக்கும் தள்ளுபடி அட்டையை ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன். அதற்காக யாரும் சேர வேண்டாம்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது. பணம் கட்டுவதற்கு முன் சங்கம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள், சென்ற ஆண்டின் கணக்கைப் பார்க்கக் கேளுங்கள், உறுப்பினர் ஆகாமலே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எங்கள் சங்கம் மூன்றுக்கும் சம்மதிக்கும். சந்தாவைக் கட்டிவிட்டுக் கூட்டத்துக்கு வராதவர்கள் எங்களில் பாதிப் பேர். சங்கத்தால் ஒரு பயனும் இல்லை என்று தேநீர்க் கடையில் சொல்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. வீட்டிலிருந்தபடி இணையத்தில் மட்டும் விற்பவர்களுக்கும், பெரிய நிறுவனத்தின் கிளையாக நடக்கும் கடைகளுக்கும் இதில் கிடைப்பது குறைவு. சொந்தக் கடையைச் சொந்தக் கணக்கில் நடத்தும் சிறுவணிகருக்கு, அதிலும் எங்களைப்போல் எல்லை ஓரத்தில் இருப்பவருக்கு, 1,200 ரூபாய்க்கு இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்துக்கு நான்கு தருகிறேன். குறைத்த ஒன்று கூட்ட நேரத்துக்கும் கடையடைப்புக்கும்.

இந்த ஆண்டுச் சந்தாவைச் சென்ற வாரம் கட்டிவிட்டேன். வரும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் தராசு முத்திரை முகாமின் தேதியை அறிவிப்பார்கள். கூட்ட நேரத்தை மாற்றக் கோரும் தீர்மானமும் அன்று முன்வைக்கப்படுகிறது. பதினோரு பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம், பதினோரு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.